அண்ணி ஊகம்

உலகத்தில் பெரும்பாலானவர்கள் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டிச் சம்பளம் வாங்குகிறார்கள். அண்ணி மட்டும், செய்ய முடியாது என்று காட்டிச் சம்பளம் வாங்குகிறவள். பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் துறை, மூன்றாவது மாடி, ஜன்னலோர அறை. எந்தக் கணக்கைக் கணினி சட்டென்று போட்டுவிடும், எந்தக் கணக்கை எவ்வளவு பெரிய கணினியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் சீக்கிரத்தில் போட முடியாது என்று பிரித்துப் பார்க்கிற ஆராய்ச்சி அவளுடையது. அதிலும் இரண்டாவது வகைமேல்தான் அவளுக்குப் பிரியம். ஒரு கணக்கு சுலபம் என்று தெரிந்துவிட்டால் அதன்மேல் அவளுக்கு இருந்த மரியாதையே போய்விடும்.

அவள் கணவர் பல் டாக்டர். உறவுக்காரர்கள் யாராவது, உங்க வீட்டம்மா என்னதான் வேலை பாக்கறாங்க என்று கேட்டால் அவர் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். "நான் பல்லைப் பிடுங்கறேன். அவ, இந்தப் பல்லை யாராலயும் சீக்கிரம் பிடுங்க முடியாதுன்னு எழுதிக் கொடுக்கறா." கேட்டவர்கள் அதற்கப்புறம் அண்ணியிடம் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டே பேசுவார்கள்.

அண்ணி என்பது அவள் பெயர் இல்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது கணவரின் தம்பி அவள் துறையிலேயே ஆராய்ச்சி மாணவனாக இருந்தான். பிறகு அவனுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. வீட்டில் கூப்பிட்ட வாயால் கருத்தரங்கிலும், "அண்ணி, அந்த மூணாவது வரி இடிக்குதே" என்று கூப்பிட்டான். அதைக் கேட்டுக் கேட்டு மாணவர்கள், அலுவலகத்துக் குமாஸ்தா, துறைத்தலைவர் என்று எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். தமிழ் தெரியாத ஆராய்ச்சியாளர்கள் அதுதான் அவள் பெயர் என்று நினைத்துக் கட்டுரைகளில் அச்சடித்தேவிட்டார்கள். இனிமேல் போய் யாரிடம் திருத்துவது.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கணக்கை யாருக்கும் சொல்லிப் புரியவைத்துவிடலாம். ஒரு விருந்து. எல்லாம் ஒரே அளவு மேசைகள். வருகிறவர்கள் ஜோடியாக வருகிறார்கள். ஜோடியைப் பிரிக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஆகாதவர்கள் அதிகம் போனால் மூன்று பேர். அவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைக்கக் கூடாது. பத்து இருபது பேர் என்றால் தட்டுத்தடுமாறி எப்படியாவது உட்கார வைத்துவிடலாம். ஊரையே கூப்பிட்டிருந்தால்? எத்தனை பேர் வந்தாலும் மளமளவென்று முடித்துக் கொடுக்க ஒரு வழி இருக்கிறதா? இல்லை, இருக்கவே முடியாது என்றாள் அண்ணி. நிரூபிக்கவில்லை; அடித்துச் சொன்னாள், அவ்வளவுதான். அதற்குத்தான் அண்ணி ஊகம் என்று பெயர். அதை நம்பி அந்தத் துறையில் ஒரு கூட்டமே பிழைத்துக்கொண்டிருந்தது. 'அண்ணி ஊகம் உண்மை என்று வைத்துக்கொண்டால்' என்று ஆரம்பிக்கிற கட்டுரைகளை அடுக்க ஓர் அலமாரி போதாது.

ஆரம்பத்தில் அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்துதான் அந்த ஊகத்தின் பின்னால் ஓடினார்கள். அவர்களுக்குள் ஒரு வேலைமுறை இருந்தது. காலையில் கட்டுவது, மத்தியானம் உடைப்பது. சாப்பாட்டுக்கு முன்னால், ஊகம் உண்மை என்று நிரூபிக்கப் பார்க்க வேண்டும். சாப்பிட்டு வந்தபின், அதே ஊகம் பொய் என்று நிரூபிக்கப் பார்க்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு கட்சிக்கும் வக்காலத்து வாங்குகிற இந்தப் பழக்கத்தை அந்தத் தொழிலில் எல்லாரும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள், பாதிப்பேர் கடைப்பிடிக்க மாட்டார்கள். அண்ணியும் மெல்ல மெல்ல மத்தியான வேலையை விட்டுவிட்டாள். வகுப்பு இருக்கிறது என்றாள், தூக்கம் வருகிறது என்றாள். தன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒன்றை உடைக்க யாருக்குத்தான் கை வரும்.

கொழுந்தனுக்கு அது உறுத்தியது. வீட்டில் தனியாகச் சொல்லியிருந்தால் சண்டையோடு போயிருக்கும். அவனோ, ஒரு மாநாட்டில் அண்ணி பேசி முடித்ததும், அரங்கம் நிறைய ஆட்கள் இருக்கும்போது எழுந்து நின்று, "அண்ணி, இதை நாம ஏன் உடைக்கப் பாக்கறதே இல்ல? எனக்கென்னமோ இது சுலபம்னு தோணுது" என்று கேட்டான். அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "சுலபம்னா செஞ்சு காட்டுங்க, தம்பி" என்றாள் மேடையிலிருந்து. அரங்கம் சிரித்தது. அவனால் செய்து காட்ட முடியவில்லை. சில மாதங்களில் வேறு ஊரில் வேறு பல்கலைக்கழகத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. பத்து வருஷத்துக்கு மேலாயிற்று. அண்ணன் தம்பி மட்டும் தொலைபேசியில் தட்பவெப்பம் விசாரித்துக்கொள்வார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டு காரியங்கள் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. ஒன்று, அந்தத் துறையின் பெரிய மாநாடு. இந்த முறை அண்ணியின் ஊரிலேயே நடந்தது, தொடக்கவுரையும் அவளுடையது. 'அண்ணி ஊகம்: இருபது ஆண்டுகள்' என்று தலைப்புப் போட்டுச் சுவரொட்டிகூட ஒட்டிவிட்டார்கள். இன்னொன்று, மகளின் கல்யாண விருந்து. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று; உறவுக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு சாப்பாடு பாக்கி. மாநாடு அதற்கடுத்த புதன்கிழமை.

மகள் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பழக்கமில்லாதவள். விருந்துக்கு முந்தின ஞாயிறு, காலைக் காப்பியின்போது வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, யாரை எங்க உட்கார வைக்கறதுங்கறது உன் பொறுப்பு. எட்டு பேர் மேசை. ஜோடி ஜோடியா வர்றாங்க, பிரிக்காதே. தனியா வர்றவங்களுக்கு நானே துணை சேத்துட்டேன். யாருக்கு யாரு ஆகாதுன்னு எல்லார்கிட்டயும் போன்ல கேட்டுட்டேன். ஆளாளுக்கு நீட்டிட்டே போனாங்க. தலைக்கு மூணு பேர்தான், அதுக்கு மேல ஆகாதவங்க இருந்தா வீட்லயே சாப்பிட்டுக்குங்கன்னுட்டேன்."

அண்ணி காப்பியைக் கீழே வைத்தாள். "குட்டி, இது என் கணக்கு."

"அப்ப வசதியாப் போச்சு."

"இல்லடி. இதைப் போட முடியாதுங்கறதுதான் என் கணக்கு."

"அம்மா, மனுஷங்களைச் சாப்பிட உட்கார வைக்கணும். அவ்வளவுதான். இதுக்குப் போய் முடியாதுன்னு உலகத்துல யாராவது சொல்வாங்களா?"

"இருபது வருஷமா நான் ஒருத்திதான் சொல்லிட்டிருக்கேன்" என்றாள் அண்ணி, கொஞ்சம் ரோஷமாகவே. "ஊரையே கூப்பிட்டா முடியாதுங்கறேன்."

"நான் ஊரைக் கூப்பிடல. உறவைத்தான் கூப்பிட்டிருக்கேன். சித்தப்பாவையும் சேர்த்து." சொல்லிவிட்டு மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "வர்றேன்னுட்டார்."

"அவரை எனக்கு ஆகாதவங்கள்ல போடு" என்றாள் அண்ணி. மூன்றில் ஒன்று அப்படிப் போயிற்று.

கணக்கைப் போட ஆட்கள் வேண்டுமே. டாக்டர் மாடிப்படி இறங்கிக் கீழே இருந்த தன் மருத்துவமனைக்குப் போய் இரண்டு கூடை நிறையப் பல் அச்சுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். உறவில் அவரிடம் வாயைத் திறக்காதவர்கள் யாருமில்லை. சொந்தக்காரன் என்றால் பார்க்கிறதுக்குக் காசு வாங்க மாட்டான் என்றதும் எல்லாருக்கும் பல் வலித்தது. வக்கீல் மாமா, நாத்தனார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று ஒவ்வொருவரின் மேல்தாடையும் கீழ்த்தாடையும் வெள்ளைப் பிளாஸ்டரில், அடியில் பெயர் எழுதி இருந்தன. சாப்பாட்டு மேசைமேல் பதினைந்து தட்டுகளைப் பரப்பினார்கள். ஒரு தட்டு ஒரு மேசை. வக்கீல் மாமாவின் தாடை பிளாஸ்டரில்கூட எதிர்வாதத்துக்குத் தயாராகத் திறந்திருந்தது.

"இது யாரு?" என்று ஓர் அச்சை எடுத்தாள் அண்ணி. முன்பல்லில் சின்ன இடைவெளி. கேட்டிருக்கவே வேண்டாம். சிரிக்கும்போது அந்த இடைவெளி தெரிகிறவன் ஒருவன்தான் அந்தக் குடும்பத்தில். கடைசித் தட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

ஆரம்பத்தில் அவள் சொன்னபடியே எல்லாம் முட்டிக்கொண்டது. நாத்தனாரை வைத்தால் வக்கீல் இடித்தார், வக்கீலை நகர்த்தினால் தலைமையாசிரியர் இடித்தார். பாத்தீங்களா என்பதுபோல் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு பிடிவாதமான ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். இவர்களை இந்தத் தட்டில் வைத்தே தீருவது. இடிக்கிற ஜோடியைத் தூக்கி அடுத்த தட்டில் வைப்பது. அங்கே அவர்கள் யாரை இடிக்கிறார்களோ அவர்களைத் தூக்கி இன்னொன்றில் வைப்பது. நாலைந்து தாடைகள் கைமாறின. கடைசியில் ஒரு ஜோடி, காலியாக இருந்த இரண்டு இடத்தில் போய் அமைதியாக உட்கார்ந்துகொண்டது.

அடுத்த ஜோடியையும் அப்படியே செய்தாள். அதுவும் உட்கார்ந்தது. அதற்கடுத்ததும். பன்னிரண்டு மணிக்குள் உறவு முழுவதும் சாப்பிட உட்கார்ந்துவிட்டது.

அண்ணி நாற்காலியில் சாய்ந்தாள். உடைக்கப் பார்த்த மத்தியானங்களில்கூடக் காகிதத்தோடு சரி; இருபது வருஷத்தில் அவள் ஒரே ஓர் ஆளைக்கூட உட்கார வைத்துப் பார்த்ததில்லை. ஒரு தடவை கூட இல்லை. முடியாது என்று தெரிந்த வேலையை யாராவது செய்து பார்ப்பார்களா? இந்தத் தப்பை வேறு எந்தத் தொழில்காரனும் செய்ய மாட்டான். அவள் தொழிலில் அது தப்பு என்றே யாருக்கும் தோன்றியிருக்காது.

சாப்பிட்டதும் கீழே ஓடிப்போய் அலமாரியில் இருந்த மற்ற நோயாளிகளின் தாடைகளையும் அள்ளிக்கொண்டு வந்தாள். உட்காரவே முடியாத பொல்லாத விருந்தாளிக் கூட்டங்களைக் கற்பனை செய்வதுதான் அவள் பிழைப்பு. அப்படிப்பட்ட கூட்டங்கள் ஏராளமாக அவள் தலைக்குள் இருந்தன. ஒவ்வொன்றாக இறக்கினாள். யார் யாரோடு சண்டை என்று ஈவிரக்கமில்லாமல் பின்னினாள். அத்தனை பேரும் தள்ளுமுள்ளுக்குப் பின் சமர்த்தாக உட்கார்ந்தார்கள்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்னாச்சு, முகம் ஒரு மாதிரியா இருக்கு?"

"என் ஊகம் தப்புன்னு நினைக்கறேங்க."

அவர் பதறிப்போய் பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவியின் பெயரே அந்த ஊகம்தான் என்பது அவருக்குத் தெரியும். சுவரொட்டி வேறு ஒட்டியிருக்கிறது. "ரொம்பக் கஷ்டமா இருக்காம்மா?"

"இல்ல" என்றாள். "ரொம்ப சந்தோஷமா இருக்கு. அதுதான் எனக்கே பயமா இருக்கு."

உண்மையாகவே அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் பூட்டிய கதவு என்று நினைத்து முட்டிக்கொண்டிருந்தது, இழுத்தால் திறக்கிற கதவு. முட்டாள்தனம்தான். ஆனால் கதவு திறந்துவிட்டதே.

அந்த வாரம் முழுவதும் தன் அறையில் கரும்பலகை முன்னால் நின்றாள். பழைய முறைப்படியே. காலையில், இந்தத் தள்ளுகிற வழி எப்போதும் வேலை செய்யும் என்று கட்டினாள். மத்தியானம், அதை உடைக்கப் பார்த்தாள். புதன்வரை உடையவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் ஒரு விரிசல் தெரிந்தது. ஒரு ஜோடி இன்னொரு ஜோடியை எழுப்ப, அது மூன்றாவது ஜோடியை எழுப்ப, மூன்றாவது வந்து முதல் ஜோடியை எழுப்பினால்? முதலாவது மறுபடி இரண்டாவதை எழுப்பும். இப்படியே மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு காலம் பூராவும் சுற்றலாமே. பிளாஸ்டர் தாடைகளில் அப்படி நேரவில்லை. நேராது என்று அவளால் நிரூபிக்கவும் முடியவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் போயின.

உடைக்கிறதில் கெட்டிக்காரன் ஒருவன் இருந்தால் ஒரு மத்தியானத்தில் தெரிந்துவிடும். அப்படி ஒருவன் யார் என்று அவளுக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும்.

"தம்பிகிட்ட கேளேன்" என்றார் அவர், சனிக்கிழமை சாயங்காலம்.

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டுங்க கேக்கறது? பத்து வருஷம் முன்னாடி அவர் சொன்னதுதான் சரின்னு சொல்லணும். நாலு பேர் முன்னாடி சிரிக்க வெச்சு அனுப்பினேன்."

"சரி, கேக்காதே. எழுதி வெச்ச பேச்சைப் புதன்கிழமை அப்படியே பேசிடு. பல் அச்சைப் பத்தி நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அவர் கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆனால் அந்த வழி இருக்கத்தான் செய்தது. விரிசல் அடைபடாதவரை ஊகம் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. மேடை ஏறலாம், கைதட்டல் வாங்கலாம், பெயர் பெயராகவே இருக்கும். அண்ணி அதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். நினைத்துப் பார்த்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விருந்து பிரமாதமாக ஆரம்பித்தது. கூடத்தில் பதினைந்து மேசைகள், ஜன்னல் பக்கம் வெயில், ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பெயர்ச்சீட்டு. உள்ளே வந்த உறவுக்காரர்கள் பெயரைத் தேடி உட்கார்ந்தார்கள், அக்கம்பக்கம் உஷாராகப் பார்த்தார்கள், தனக்கு ஆகாதவர் யாரும் இல்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தார்கள். அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் ஒரு விசேஷத்தில் யாரும் யாரையும் முறைக்காமல் முதல் கரண்டி வாய்க்குப் போனது அன்றுதான். மகள் தூரத்திலிருந்து அம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

அண்ணியும் டாக்டரும் முதல் மேசை. கொழுந்தன் கடைசி மேசை. தலைமுடி நரைத்து, கொஞ்சம் சதை போட்டிருந்தான். கல்யாணம் செய்துகொள்ளாதவன் என்பதால் காது கேட்காத பெரியப்பா ஒருவரை அவனுக்குத் துணையாகச் சேர்த்திருந்தாள் மகள். காது கேட்காததாலேயே பெரியப்பாவுக்கு உலகத்தில் ஒரு பகையும் இல்லை. அவர் ஏதோ சொல்ல, கொழுந்தன் சிரித்தான். இத்தனை தூரத்திலிருந்தும் அந்தப் பல் இடைவெளி தெரிந்தது.

அண்ணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வட்டமாகச் சுற்றுகிற மூன்று ஜோடிகள் நெஞ்சிலேயே நின்றன. திடீரென்று எழுந்தாள், தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டாள், நடந்தாள்.

"எங்க போற?" என்றார் டாக்டர். ஜோடியைப் பிரிக்கக் கூடாது என்ற விதி ஞாபகம் வந்து, அவரும் தன் நாற்காலியையும் தட்டையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

கடைசி மேசையில் இரண்டு பேருக்கு இடமில்லை. அதோடு, அங்கே நாத்தனார் இருந்தாள். ஒரு காலத்தில் அவள் ஊருக்குக் கிளம்பும்போது, "அண்ணி, இத்தனை சாமானையும் இந்த ரெண்டு பெட்டியில எப்படி அடுக்கறது" என்று கேட்கப்போக, அண்ணி அரைமணி நேரம் யோசித்து, சுலபமான வழி கிடையாது என்று காரணகாரியத்தோடு விளக்கியிருந்தாள். வண்டி போய்விட்டது. அன்றிலிருந்து பேச்சில்லை. இப்போது அண்ணி நாற்காலியோடு வந்து நிற்பதைப் பார்த்ததும் நாத்தனார் கணவரின் தோளைத் தட்டினாள், இருவரும் விறைப்பாக எழுந்து போனார்கள். அண்ணி உட்கார்ந்தாள்.

"தம்பி" என்றாள்.

கொழுந்தன் கரண்டியை வைத்தான். பக்கத்து மேசைகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

"நீங்க சொன்னதுதான் சரி. சுலபம்தான்."

சந்தோஷப்படுவானோ, குத்திக் காட்டுவானோ என்று அண்ணி காத்திருந்தாள். குத்திக் காட்டினாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள். அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்டான்:

"எங்க இடிக்குது?"

அவ்வளவுதான். பத்து வருஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணி தண்ணீர் டம்ளர்களை எடுத்து மேசைவிரிப்பில் வைத்தாள். இவர் அவரை எழுப்புகிறார், அவர் இவரை எழுப்புகிறார் என்று மடமடவென்று சொன்னாள். அவன் பெரியப்பாவின் டம்ளரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டான். "மூணு ஜோடி இப்படி வட்டமாத் துரத்திக்கிட்டா நிக்குமான்னு தெரியல. அங்கதான் நிக்கறேன்" என்றாள்.

"நிக்காது போலத்தான் இருக்கு" என்றான் அவன். "மத்தியானக் கட்சிக்காரனா சொல்றேன்."

அப்போது டாக்டர், "கொஞ்சம் திரும்பிப் பாருங்க" என்றார்.

இருவரும் திரும்பினார்கள். கூடத்தின் நடுவில் ரகளை. எழுந்துபோன நாத்தனார் ஜோடி நடு மேசைக்குப் போய் நின்றிருந்தது. அங்கே வக்கீல் மாமா. நாத்தனாரின் மதில்சுவர் வழக்கை அவளுக்காக நடத்தித் தோற்றுப்போனவர். அவர் துண்டை உதறிப் போட்டுவிட்டு மனைவியோடு எழுந்து ஜன்னலோர மேசைக்குப் போனார். அங்கே தலைமையாசிரியர், வக்கீலின் குரல் கேட்டாலே அவருக்கு ரத்தக்கொதிப்பு. அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு எழுந்து, இடம் தேடி, நேராக நடு மேசைக்கு வந்தார். அப்போதுதான் உட்கார்ந்திருந்த நாத்தனார், தன் மகனை ஒரே வகுப்பில் இரண்டு வருஷம் வைத்திருந்தவரைப் பார்த்ததும் திரும்ப எழுந்தாள்.

"அண்ணி" என்றான் கொழுந்தன் மெதுவாக. "அதேதான்."

அதேதான். அவள் கரும்பலகையில் மூன்று நாளாகத் துரத்திக்கொண்டிருந்த வட்டம், பட்டுப்புடவையும் கோட்டும் போட்டுக்கொண்டு கூடத்தில் சுற்றியது. இனி நாத்தனார் ஜன்னலோர மேசைக்குப் போவாள், வக்கீலை எழுப்புவாள், அவர் நடு மேசைக்கு வந்து... அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

நாத்தனார் ஜன்னலோர மேசைக்குத்தான் போனாள். வக்கீல் மாமா பாதி எழுந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் நாத்தனார் நின்றாள். அவரோடு பேச்சில்லை என்பதால் தன் கணவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "உட்காரச் சொல்லுங்க. ஒருத்தரை ஒரு தடவை எழுப்பினாப் போதும். நாள் பூரா இவர் பின்னாடியே சுத்தறதுக்கா நான் வந்தேன்?"

சொல்லிவிட்டுத் திரும்பினாள். முதல் மேசையில் அண்ணியும் டாக்டரும் விட்டுப்போன இடம் காலியாக இருந்தது. நாற்காலி வரவழைத்துக்கொண்டு, கணவரோடு அங்கே போய் உட்கார்ந்தாள். வக்கீல் உட்கார்ந்தார். தலைமையாசிரியர் உட்கார்ந்தார். கூடம் அடங்கியது.

அண்ணியும் கொழுந்தனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு தடவை எழுப்பினவரைத் திரும்ப எழுப்பக் கூடாது, வேற மேசைக்குத்தான் போகணும்" என்றாள் அண்ணி. "இதை விதியாவே போட்டுட்டா?"

"தலைக்கு மூணு பேர்தானே அண்ணி ஆகாதவங்க. மூணு பேரையும் எழுப்பியாச்சுன்னா?"

"அப்புறம் எழுப்ப ஆளே இல்லை."

"உட்கார்ந்துதான் ஆகணும்."

அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கொழுந்தனும் சிரித்தான். என்ன ஏது என்று தெரியாமலே பெரியப்பாவும் சேர்ந்து சிரித்தார். டாக்டர் தம்பியின் திறந்த வாயைத் தொழில்முறையில் ஒரு பார்வை பார்த்து, "அந்த இடைவெளியை அடைச்சிடலாம்டா, நாளைக்குக் காலையில வா" என்றார்.

"வேண்டாங்க" என்றாள் அண்ணி. "அது அப்படியே இருக்கட்டும்."

மகள் அவசரப் பிரிவு நடையில் வந்து சேர்ந்தாள். "அம்மா, உன்னை எங்க உட்காரச் சொல்லியிருந்தது? எல்லாரையும் கலைச்சு விட்டுட்டு இங்க என்ன பண்ற?"

"எல்லாரும் உட்கார்ந்துட்டாங்க, பாரு."

மகள் பார்த்தாள். உட்கார்ந்துதான் இருந்தார்கள். "சித்தப்பா உனக்கு ஆகாதுன்னு சொன்னே."

"அதை அடிச்சிடு" என்றாள் அண்ணி.

"அப்ப கணக்குல ஒண்ணு குறையுது. இன்னும் சுலபம்" என்றான் கொழுந்தன், டம்ளர்களை நகர்த்திக்கொண்டே.

புதன்கிழமை அரங்கம் நிறைந்து வழிந்தது. அண்ணி மேடை ஏறி, திரையில் தன் பெயர் போட்ட தலைப்பை ஒருமுறை பார்த்தாள். "இருபது ஆண்டுகளாக இந்த ஊகத்தை நம்பியவர்களுக்கு ஒரு செய்தி" என்று ஆரம்பித்தாள். "இது தப்பு." பிறகு கரும்பலகையில் நாத்தனாரையும் வக்கீலையும் தலைமையாசிரியரையும் புள்ளிகளாக வைத்து, நகர்த்திக் காட்டினாள். 'ஒருத்தரை ஒரு தடவை எழுப்பினாப் போதும்' என்ற விதி வந்த இடத்தில் முதலில் பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். முடிக்கும்போது அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். அலமாரி நிறையக் கட்டுரை எழுதியவர்கள்தான் அதிகமாகத் தட்டினார்கள். பாவம், அவர்களுக்கும் புதிதாகச் செய்ய வேலை வந்துவிட்டது. இந்த நிரூபணத்தில் பாதி யாருடையது என்று அண்ணி சொன்னபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கேள்வி நேரம். நடுவரிசையில் கொழுந்தன் எழுந்து நின்றான். பழைய கதை தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அண்ணி, எனக்கென்னமோ இதை இதைவிடச் சுலபமாச் செய்யலாம்னு தோணுது."

அண்ணி கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"செஞ்சு காட்டுங்க, தம்பி" என்றாள். "சாப்பிட்டுட்டு என் ரூமுக்கு வாங்க. மத்தியானம் பூரா ஃப்ரீதான்."